ஐஸ் போட்ட கலவை

மேடையில் நின்ற போட்டிக் கம்பெனிக்காரன் தண்ணீரில் ஐஸ்கட்டிகளைப் போட்டபோது, முன்வரிசையில் இருந்த அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அவ்வளவு பெரிய கலவை இயந்திரம். சுற்றிலும் குளிர்நீர்க் குழாய் ஓடுகிறது. அதில் போய் யாராவது ஐஸ் போடுவார்களா?

"இதுதான் எங்க ரகசியம்" என்றான் அவன், பெருமையாக.

பிறகு நானோ சிலிக்காப் பொடி. அது நன்றாகக் கரைந்தபின் சிமெண்ட். கலவை கட்டி தட்டாமல், மேடையில் நிறுத்தியிருந்த மாதிரிச் சுரங்கச் சுவரின் தலைமுடி அளவு விரிசலுக்குள் சரசரவென்று இறங்கியது. கூட்டம் கை தட்டியது.

அது அவளுடைய கலவை. பொடியை நேரே சிமெண்டில் கொட்டினால் உருண்டையாகத் திரண்டு விரிசலின் வாயையே அடைத்துவிடும். எதை முதலில் கரைப்பது, எவ்வளவு என்று கண்டுபிடிக்க அவள் பட்ட பாடு நாய் படாது.

பக்கத்தில் இருந்த கணவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நான் அப்பவே சொன்னேன்ல? உன் லேப்ல இருந்த அந்தப் பொண்ணுதான் வித்திருக்கா."

போட்டிக் கம்பெனியின் விளம்பரம் வந்த அன்று, அவன் பேச்சைக் கேட்டுத்தான் உதவியாளரை வேலையை விட்டு அனுப்பினாள். நான் இல்லக்கா என்று அழுத பெண்ணை, உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்தவள் என்று எல்லார் முன்னாலும் ஏசினாள்.

மேடையில் அடுத்த கலவைக்கும் ஐஸ் விழுந்தது.

இப்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

லேபில் ஒருநாளும் ஐஸ் போட்டதில்லை. அங்கேயும் குளிர்நீர்க் குழாய் இருந்ததால் அதற்குத் தேவையே இல்லை. கலவையில் ஐஸ் விழுந்ததை அந்தப் பெண் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

போட்டது ஒரே ஒருமுறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுச் சமையலறையில். புது யோசனையை மறுநாள்வரை பொறுக்க முடியாமல் மிக்ஸியில் அடித்துப் பார்த்தாள். மிக்ஸி சூடாகி, கலவை ஜாருக்குள்ளேயே இறுகப் பார்த்தது. ஐஸ், ஐஸ் என்று கத்தினாள்.

வீட்டில் இருந்தது அவளும் கணவனும்தான்.

சிமெண்டைப் பற்றி அரிச்சுவடியும் தெரியாதவன் ஓடிப்போய் பிரிட்ஜைத் திறந்து, தட்டோடு கொண்டுவந்து நீட்டினான். இதுதானா உன் ரகசியம் என்று கேட்டான்.

அவள் சும்மா விளையாட்டுக்கு, ஆமாம் என்றாள்.