நாற்பதுக்குப் பூஜ்யம்

விடைத்தாளை மூன்றாவது முறையாகச் சரிபார்த்தாள் மின்சா. நாற்பது கேள்விகள். ஒன்றுகூடச் சரியில்லை.

வேறு யாருடைய தாளாக இருந்தாலும் சிவப்பு மையால் ஒரு முட்டை போட்டுவிட்டு அடுத்ததை எடுத்திருப்பாள். இது கபுலாவின் தாள்.

மற்றப் பிள்ளைகள் துடைப்பமும் தண்ணீர்க் குடமுமாக வந்து சேர்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே, பருத்திக்காட்டு வழியே நாலு மைல் நடந்து வந்து நிற்கிற பெண். மூன்று மாதமாக ஒருநாள் தவறியதில்லை. அதற்கு முன்னால் ஏழாம் வகுப்பின் நூற்றுப்பன்னிரண்டு பேரில் அவள் இருக்கிற இடமே தெரியாது.

"எல்லாக் கேள்விக்கும் விடை தெரியணும் டீச்சர். ஒண்ணுகூட விடக் கூடாது" என்று ஜூன் மாதம் ஒரு காலையில் வந்து நின்றாள். மின்சாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அரசு வேலைக்கான உத்தரவு வரும்வரை வீட்டில் சும்மா இருப்பானேன் என்று, சம்பளமில்லாமல் பாடம் நடத்த வந்தவள் மின்சா. இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று மூன்று வருடம் ஓடிவிட்டது. பள்ளி கொடுப்பது தங்க ஓர் அறையும் கஞ்சியும். ம்வான்சா நகரத்தில் தையல்கடை வைத்திருக்கும் அக்கா கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போனாள். போய்த் தொலையலாம் என்று பெட்டியைக்கூடக் கட்டியாகிவிட்டது. அந்த வாரம்தான் கபுலா வந்து கேட்டாள். கட்டிய பெட்டியை மின்சா பிரித்துவிட்டாள்.

கபுலாவின் அம்மாதான் பள்ளிக்குக் கஞ்சி காய்ச்சுகிறவள். எப்போதும் இடது கையால்தான் துழாவுவாள். மின்சாவைப் பார்த்தால் அரை அகப்பை கூடுதலாக ஊற்றுவாள். மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற நன்றி.

நாளைக்கு அரசுத் தேர்வு. இது அதற்கு முந்தைய கடைசி மாதிரித் தேர்வு. நேற்று தலைமையாசிரியர் மாயுங்கா தாளை எட்டிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"கேள்விக்கு அஞ்சு வட்டம், அதுல ஒண்ணு சரி. கண்ணை மூடிக்கிட்டு நிரப்பியிருந்தாக்கூட எட்டு மார்க் தேறியிருக்குமேம்மா. நீ சொல்லிக்குடுத்து அதையும் கெடுத்துட்டியே!"

வேடிக்கைக்குத்தான் சொன்னார். மின்சாவுக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. தனக்குச் சொல்லிக்கொடுக்கவே வராதோ? இந்த ஒரு பிள்ளையாவது கரையேறினால் போதும், மூன்று வருடமும் வீணில்லை என்று நினைத்திருந்தாள். இவளே பூஜ்யம் என்றால் மீதி நூற்றுப்பதினோரு பேருக்கு என்னதான் செய்தாள்?

கபுலா வந்துவிட்டாள். கால் நிறையச் செம்மண். வாசலிலிருந்தே கேட்டாள்.

"எத்தனை டீச்சர்?"

பொய் சொல்லலாம் என்று பார்த்தாள் மின்சா. பிறகு தாளை நீட்டினாள்.

கபுலா ஒவ்வொரு கேள்வியாக விரல் வைத்து எண்ணினாள். முதல் பக்கம். இரண்டாம் பக்கம். அப்புறம் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து சிரித்தாள். இந்த மூன்று மாதத்தில் அவள் சிரித்து மின்சா பார்த்ததில்லை.

"போன தடவை வீட்டுல போட்டுப் பாத்தப்ப மூணு தப்பித் தவறிச் சரியாயிருச்சு டீச்சர். இப்பத்தான் ஒண்ணுமே இல்ல."

மின்சாவுக்குப் புரியவில்லை. வீட்டு விஷயம் சொல்வதுபோலச் சாதாரணமாகத்தான் கபுலா சொன்னாள். அவளைக் கட்டிக்கொள்ள மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்கு விலையாகப் பேசிய இருபது மாடுகளும் அப்பாவின் பட்டிக்கு வந்துவிட்டன. தேறினால் பெரிய பள்ளிக்கு அனுப்பியே ஆகவேண்டும், அனுப்பாவிட்டால் அதிகாரி வீட்டுக்கே வந்துவிடுவார். தேறாதவளைத் தேடி யாரும் வரமாட்டார்கள். அதனால் தப்பாக எழுதிவிட்டு வரச் சொல்லியிருக்கிறார் அப்பா. இரண்டு வருடம் முன்பு அவளுடைய அக்காவிடமும் அதைத்தான் சொன்னார்.

"அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர். கைக்கு வந்த வட்டத்தை நிரப்பிட்டு வந்தா. குருட்டாம்போக்குல பாஸாயிட்டா. இப்ப ஆஸ்டல்ல படிக்கிறா. வந்த மாட்டையெல்லாம் திருப்பி ஓட்டிட்டுப் போயிட்டாங்க. அம்மாதான் தூண்டிவிட்டாளுன்னு அப்பா உலக்கையால அடிச்சாரு. அம்மாவுக்கு வலது கை இன்னும் மடங்கல. எது சரின்னு தெரிஞ்சாத்தானே டீச்சர், அதுல கை படாம இருக்க முடியும்?"

முற்றத்தில் மற்றப் பிள்ளைகள் இன்னும் வந்து சேரவில்லை. ஜன்னலுக்கு வெளியே அடுப்பு புகைந்தது. கபுலாவின் அம்மா பெரிய பானையை இடது கையால் துழாவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, ஜன்னல் வழியே மின்சாவைப் பார்த்து ஒரு கும்பிடு போல லேசாகத் தலையைத் தாழ்த்தினாள்.

சரியாக எழுதடி, ஓடிப்போய்விடு என்று சொல்ல வாயெடுத்தாள் மின்சா. அந்தக் கையைப் பார்த்துவிட்டு, சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

"இந்தக் கணக்குல மட்டும்தான் டீச்சர் சந்தேகம்." கபுலா நோட்டைப் பிரித்து வைத்தாள். "நாளைக்கு வந்துருச்சுன்னா?"

மின்சா சாக்பீஸை எடுத்தாள். தப்பாகச் சொல்லிக்கொடுத்தால்தான் என்ன என்று ஒரு கணம் நின்றாள். பானையில் அகப்பை தட்டும் சத்தம் கேட்டது. திரும்பிக் கரும்பலகையில் அந்தக் கணக்கை வரிவரியாகப் போட்டாள். பிழையில்லாமல், இரண்டு தடவை. விடை மூன்றாவது வட்டம்.

கபுலா தலையாட்டினாள். பென்சிலைக் கூராக்கிக்கொண்டு, ஐந்தாவது வட்டத்தை அழுத்தி நிரப்பினாள்.