சிவப்பு வளையம்

தைலமரங்களின் பருமனை ஆண்டுதோறும் அளப்பது வனக்காவலரின் வேலை. நெஞ்சு உயரத்தில் அளக்க வேண்டும். அந்த இடத்தில் சிவப்பு பெயின்ட்டால் வளையம் போடுவது அவர் மனைவி. அவளோ குள்ளம்.

“உன் உயரத்துல அளந்தா எல்லா மரமும் குண்டாத்தான் தெரியும்” என்று சிரிப்பார்.

அவள் கண்மூடிய பிறகு வந்த கோடையிலும் மரங்கள் பட்டை உரித்தன. பழைய வளையங்கள் பட்டையோடு தரையில் கிடந்தன. புதிதாகப் போட அவர் டப்பாவோடு தனியாகப் போனார்.

வழவழவென்று வெளுத்திருந்த முதல் மரத்தில் வளையம் இருந்தது, அவருடைய வயிற்று உயரத்தில். தொட்டார். விரலில் ஒட்டியது.

டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, அந்த வளையத்தின் மேலேயே டேப்பைச் சுற்றினார்.

“குண்டாத்தான்டி இருக்கு” என்றார்.

அடுத்த மரத்தில் பாதி வளையம்தான் போட்டிருந்தது. பெயின்ட் இன்னும் வழிந்துகொண்டிருந்தது.