ஏழாவது வளைவு

ஜீப்பின் உடம்பில் பழைய ஃபியட் இன்ஜினைப் பொருத்தி எட்வின் தானே கட்டிய வண்டி, மலைப்பாதையின் ஏழாவது வளைவில் எப்போதும் மூச்சுவாங்கி நின்றுவிடும். கல்யாணமான புதிதிலிருந்தே, தவமணிதான் குதித்திறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் கொடுப்பாள். இன்ஜின் ஆறும்வரை இருவரும் பாறைமேல் உட்கார்ந்து பேசுவார்கள். மூத்தவளுக்குப் பெயர் யோசித்தது அங்கேதான். அவர் அழுது அவள் பார்த்ததும் அங்கேதான்.

இன்று வண்டியில் மின்சார சூப்பர்சார்ஜர் இருந்தது. வளைவு வந்ததும் எட்வின் பொத்தானை அழுத்தினார். அது வீலென்று சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்க, வண்டி ஒரே மூச்சில் ஏறிவிட்டது. பாறை பின்னால் போய் மறைந்தது.

"பார்த்தியா தவம்! எத்தனை வருசத்து ஆசை!"

"ம்."

"என்ன ம்? இனி நீ கல்லு தூக்க வேண்டாம்டி."

"ஆமா. நீங்களும் எங்கிட்டப் பேச வேண்டாம்."

எட்வின் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் போய், அகலமான இடம் பார்த்து வண்டியைக் கீழ்நோக்கித் திருப்பினார். சூப்பர்சார்ஜரின் ஃபியூஸைப் பிடுங்கி அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"அடிவாரம் போய்த் திரும்ப ஏறுவோம். வேணும்னா நீயே மாட்டு."

தவமணி விரல்களை மடக்கிக்கொண்டாள். அது இன்னும் சூடாக இருந்தது.