கதவுக்கு வெளியே

அடுத்த எலியைக் கையில் எடுத்தபோது, கதவின் கீழ் இடுக்கில் நிழல் விழுவதை பிரோஷ்கா பார்த்தாள்.

யாரோ வந்து நிற்கிறார்கள்.

அவளுக்கு எரிச்சலாக இருந்தது. வெளியே கதவுப்பிடியில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறது. அது தொங்கும்வரை யாரும் தட்டக்கூடாது, பேசக்கூடாது. செகெட் நகரத்தின் அந்த ஆய்வுக்கூடத்தில் பெருக்க வருகிறவர் முதல் பேராசிரியர் வரை எல்லோருக்கும் அது தெரியும்.

எலி பயந்தால் போதும். மூளையிலிருந்து செய்தி கிளம்பும். சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் சுரப்பி விழித்துக்கொள்ளும். சில நிமிடங்களில் இரத்தத்தில் ஹார்மோன் ஏறி, திரும்ப மூளைக்கே போய், ‘சரி, அடங்கு’ என்று சொல்லும்.

அந்தச் சொல் மூளையின் எந்த மூலையில் கேட்கிறது என்பதுதான் அவர்களுடைய தேடல். ஒப்பிட்டுப் பார்க்க, பயமே தெரியாத எலிகள் வேண்டும். கதவை ஒருமுறை தட்டினால் குளிர்காலம் முழுக்கச் செய்த வேலை வீண்.

அதற்காகவே இந்த எலிகளை அவள் தினமும் கையில் எடுத்துப் பழக்கியிருந்தாள். ‘என்னிடம் பேசுவதைவிட எலியிடம்தான் இவள் மெதுவாகப் பேசுகிறாள்’ என்று அவள் கணவர் லோராந்த் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அவரும் இதே கூடத்தில் வேலை பார்த்தவர்தான். இதயம் பழுதானதிலிருந்து ஆற்றங்கரை ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். நேற்று கஷ்கொட்டை மசியல் என்கிற இனிப்பு வேண்டும் என்று கேட்டார். இது முடிந்ததும் வாங்கிக்கொண்டு டிராம் பிடிக்க வேண்டும். மதியம் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். இனி எத்தனை மதியம் கிடைக்கும் என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை.

கையிலிருந்த எலி உடம்பைத் தளர்த்தியது.

ஒரே வெட்டு, ஒரு நொடி. இரத்தம் குழாயில், மூளை பனிக்கட்டியில். அதற்கு எதுவும் தெரிந்திருக்காது.

நிழல் நகரவில்லை. நடுவில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. உதவியாளர் யூதித்தாகத்தான் இருக்கும். அவளுக்கு எப்போதும் ஜலதோஷம். வெளியே போனதும் நன்றாகத் திட்டவேண்டும்.

கடைசி எலியும் முடிந்தது. குழாய்களை அடுக்கிவைத்து, கையைக் கழுவிக்கொண்டு, கதவைத் திறந்தாள்.

யூதித் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். சத்தம் வரக்கூடாது என்று ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தடவை ஃபோன் வந்ததாம். முதல் தடவை, உடனே வரச் சொன்னார்கள்.

இரண்டாம் தடவை வரச் சொல்லவில்லை.

பிரோஷ்காவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. “தட்டியிருக்கலாமேடி.”

“மொதத் தடவை நர்ஸ் ஃபோன அவரு காதுகிட்ட வச்சாங்கக்கா. இதோ போய்த் தட்டுறேன்னு சொன்னேன். துணி கட்டியிருக்கான்னு கேட்டாரு. கட்டியிருக்குன்னேன். அவருக்கு மூச்சு வாங்குச்சு. அப்புறம், ‘தட்டாத, எல்லாம் முடியட்டும்’னுட்டாரு.”

வசந்தத்தில் முடிவுகள் வந்தன. அந்தக் கூடத்தில் அதற்கு முன்பு அவ்வளவு அமைதியான இரத்தம் கிடைத்ததில்லை.