வாக்கு வாங்கியவர்

"மன்னிச்சிடும்மா. என் பேச்சைத்தான் யாரும் கேட்கிறதில்லைன்னா, இப்போ என் கையும் கேட்க மாட்டேங்குது" என்றார் வக்கீல்.

அவர் தட்டிவிட்ட டீ மேசையெல்லாம் ஓடி, எதிரே இருந்த பெண்ணின் மடியில் சொட்டியது. அவள் பதறவில்லை. இடது பக்க இழுப்பறையைத் திறந்து துணி எடுத்துத் துடைத்தாள். அங்கே துணி இருப்பது வக்கீலுக்கே தெரியாது.

வெள்ளைச் செருப்பு போட்ட குமாஸ்தா வந்து கோப்பையை எடுத்துப் போனான். இந்த ஆளை எப்போது வேலைக்கு வைத்தோம் என்று ஞாபகமில்லை. சம்பளம் கேட்காதவரை ஞாபகப்படுத்திக்கொள்ள அவசரமும் இல்லை. அவன் போனதும் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. உள்பக்கம் கைப்பிடியே கிடையாது. தச்சரிடம் சொல்லவேண்டும் என்று தினமும் நினைக்கிறார்.

"விஷயத்தைச் சொல்லும்மா."

"அப்பாவுக்கு மறதி நோய் சார். பெத்த பிள்ளைங்களையே தெரியல. ஒரு இல்லத்துல வச்சுப் பார்க்கிறோம். குறை சொல்ல முடியாது, நல்லாப் பார்த்துக்கிறாங்க. ஆனா பணம் கட்டி மாளல. நானும் தம்பியும் கைநீட்டாத இடமில்ல. மிச்சம் அவரோட வீடு ஒண்ணுதான்."

"அவர்கிட்டக் கையெழுத்து வாங்கித் தொலைச்சிடாதே. புத்தி தெளிவில்லாதவர் கையெழுத்து செல்லாது. கோர்ட்டுல மனு போட்டு—"

"போட்டாச்சு சார். என்னைக் காப்பாளரா நியமிச்சு, வீட்டை விக்க அனுமதியும் குடுத்துட்டாங்க."

"அடடே, என் பிழைப்புல மண்ணைப் போட்டுட்டியே. அப்புறம் என்னை எதுக்குப் பார்க்க வந்தே?"

அவள் ஈரத் துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அம்மா போன அன்னிக்கு அப்பா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'நான் இருக்கிற வரைக்கும் இந்த வீட்டை விக்காதே'ன்னு வாக்கு வாங்கிட்டார் சார்."

வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அனுமதி கோர்ட்டு குடுக்கும். வாக்கை, வாங்கினவர்தாம்மா திருப்பித் தரணும். அவர்கிட்டயே கேட்டியா?"

"எப்பக் கேட்டாலும் வாய்தாதான் சார்."

சிரிக்க வாயெடுத்தவர், பாதியில் நிறுத்தினார். மழை இருட்டில், ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவர் உட்கார்ந்து இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தான்கள் ஓட்டை மாறிப் போடப்பட்டிருந்தன. இது மூன்றாவது மாடி.

"அது... உங்கப்பாவா?" என்று கிசுகிசுத்தார்.

அவள் திரும்பினாள். கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஆமா சார்."

"மழையில நனையறார் பாரு. உள்ளே கூப்பிடு."

"கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கேன் சார். நீங்க சொல்லுங்க. அவர் இடத்துல நீங்க இருந்தா என்ன சொல்வீங்க?"

"நானா?" கிழவரைப் பார்க்காமல் இருக்க, மேசையில் கிடந்த கேஸ் கட்டைப் பிரித்தார். எல்லாம் வெற்றுத் தாள். அவசரமாக மூடினார். "வித்துடுன்னு சொல்வேன். செங்கல்லா வந்து என்னைக் குளிப்பாட்டி விடும்? அன்னிக்கு வாக்கு வாங்கினவன் வேற ஆளும்மா. அவன் பேச்சுக்காக நீ ஊரெல்லாம் கடன்பட்டு நிக்காதே. வித்துட்டு நிம்மதியாத் தூங்கு."

அவள் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. கதவு திறந்து, வெள்ளைச் செருப்பு வாசலில் வந்து நின்றது.

"அட, நான் சொல்லி என்னம்மா ஆகப்போகுது? அவர் வாயால வரணும். சுத்தி வளைக்காமச் சொல்லு, உங்கப்பா என்னதான் சொல்றார்?"

அவள் எழுந்து மேசையைச் சுற்றி வந்தாள். குனிந்து, அவருடைய சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டாள்.

"வித்துடுன்னு சொல்லிட்டீங்கப்பா."