முந்திரி இல்லாத பிரியாணி

"அதை கார்லயே வச்சுட்டு வந்துடு மஹா."

வாசலிலேயே மறித்துச் சொன்னாள் நஜீமா. மஹாவின் கையில் காஜு கத்லி டப்பா. எடிசன் ஓக் ட்ரீ ரோடு இந்தியக் கடையில், பெருநாள் கூட்டத்தில் இடிபட்டு வாங்கி வந்தது.

"ஏன், நாங்க வாங்கின ஸ்வீட் உன் வீட்டுக்குள்ள வரக்கூடாதா?"

"இன்னைக்கு மட்டும்ப்பா. தப்பா நினைக்காதே. உள்ள வந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிடு. பிள்ளைங்களையும் கழுவச் சொல்லு."

மஹாவுக்குச் சுர்ரென்று ஏறியது. பெருநாளும் அதுவுமாக வாசலில் நிறுத்திக் கையைக் கழுவு, காலைக் கழுவு என்றால் யாருக்குத்தான் ஏறாது? டப்பாவை கார் சீட்டில் வீசிவிட்டு வந்தாள்.

நஜீமாவும் பாரூக்கும் சொந்த வீடு வாங்கிக் கொண்டாடும் முதல் நோன்புப் பெருநாள். ஹால் முழுக்க நண்பர்கள். நஜீமா பிரியாணி என்றால் பிரின்ஸ்டனிலிருந்துகூட டிரைவ் பண்ணிக்கொண்டு வருவார்கள். அந்தப் பெயர்மேல் அவளுக்கு உயிர்.

இன்று அந்தப் பெயர்தான் கப்பலேறிக்கொண்டிருந்தது.

"என்னங்க, பிரியாணியில ஒரு முந்திரியக்கூடக் காணோம்?" என்றார் விருந்துக்கு வந்திருந்த நஞ்சப்பன், கரண்டியால் துழாவிக்கொண்டே.

"பாயசத்துலயும் வெறும் சேமியாதான். வட்டிலப்பம் மொட்டையா நிக்குது," என்றாள் மஹா.

"புது வீடாச்சே! முந்திரியில மிச்சம் பிடிக்கிறாங்க போல," என்றார் நஞ்சப்பன்.

அமெரிக்கா வந்தால் மட்டும் என்ன, நம் ஆட்களுக்கு முந்திரி இல்லாவிட்டால் அது விருந்தே இல்லை. சிரிப்பு கிச்சன் வரை கேட்டது. பாரூக் மனைவியின் காதருகே வந்தான்.

"சொல்லிடலாமே நஜீமா? கஞ்சம்னு பேசுறாங்க."

"பேசட்டும். இத்தனை வருஷமா எடுத்த பேரு ஒரே நாள்ல போகுதுன்னா போகட்டும்."

விருந்தாளி ஒரு குறை சொல்லிவிட்டால் தூக்கம் வராத பெண் அவள்.

அழைப்பு மணி அடித்தது. திருமூர்த்தி, பவளம், அவர்களுடைய ஏழு வயது மகள் வெண்பா. பவளத்தின் கையில் வழக்கம்போல ஒரு சாப்பாட்டு டப்பா.

"வந்துட்டாங்க தனிச் சாப்பாட்டுக்காரங்க," என்று முணுமுணுத்தாள் மஹா. "போன பெருநாளைக்கும் இப்படித்தான். பொண்ணுக்கு மட்டும் டப்பா. கேட்டா வயித்துவலியாம். பாய் வீட்டுச் சாப்பாடு ஆகாதுன்னா வராமலே இருக்கலாம்ல?"

நஜீமா கையை நீட்டினாள்.

"பவளம், அந்த டப்பாவைக் குடுங்க. இன்னைக்கு அது வேண்டாம்."

பவளம் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "இல்லீங்க நஜீமா... பாப்பாவுக்கு வயிறு சரியில்லீங்க..."

"வயிறு காரணம் இல்லன்னு எனக்குத் தெரியும். கிச்சனுக்கு வாங்க, பேசணும்."

கிச்சன் கதவு சாத்திக்கொண்டது.

மஹாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது மாதிரி இருந்தது. முந்திரிக் கோபமெல்லாம் போயே போய்விட்டது. "கேக்கட்டும். நல்லா நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கட்டும்!"

உள்ளே அலமாரிகள் திறந்து மூடும் சத்தம். பிறகு யாரோ விசும்பும் சத்தம். ஹாலே காதைத் தீட்டிக்கொண்டது. திருமூர்த்தி எழுந்து நின்றுவிட்டார்.

கதவு திறந்தது. இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது. பவளத்தின் கையில் டப்பா இல்லை, ஒரு காலித் தட்டு இருந்தது. அதை மகளிடம் கொடுத்தாள்.

"வேர் இஸ் மை பாக்ஸ், அம்மா?"

"பாக்ஸ் வேண்டாம் கண்ணு. இங்கயே எடுத்துக்க."

குழந்தை பயந்து பின்வாங்கியது. "நோ அம்மா! நட்ஸ் இருந்தா? மறுபடியும் மூச்சு அடைக்கும். ஆம்புலன்ஸ் வரும்."

நஞ்சப்பன் கரண்டியைக் கீழே வைத்தார்.

"வராது சாமி. அம்மா ஒவ்வொரு பாக்கெட்டா லேபிள் படிச்சுட்டேன். எண்ணெய் புதுசு, பாத்திரம் புதுசு. மசாலாகூட ஆன்ட்டி கையால அரைச்சது. உன் அவசர ஊசியும் அம்மா பையிலயே இருக்கு."

மஹா நஜீமாவின் கையைப் பிடித்தாள். "அலர்ஜியா? ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"அவங்க முன்னாடியெல்லாம் சொல்லிட்டுத்தான் இருந்தாங்க. சொன்ன வீட்டுல எல்லாம், நமக்கு ஏன் வம்புன்னு அடுத்த தடவை கூப்பிடலியாம். அவங்களே மறைச்சத நான் எப்படி ஊருக்குச் சொல்றது? எங்க பொண்ணு ஆஸிபாவும் வெண்பாவும் ஒரே கிளாஸ். நட்ஸ் ஆகாதுன்னு லஞ்ச் டைம்ல வெண்பா மட்டும் தனி டேபிள்ல உக்காருவாளாம். என் வீட்டுலயுமா அவ தனியா உக்காரணும்?"

மஹா போய் இன்னொரு தடவை சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்தாள்.

வெண்பா தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மேஜையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பார்த்தாள். பிரியாணி, தால்ச்சா, கோழி வறுவல், பாயசம், வட்டிலப்பம். இத்தனை பெரிய மேஜைக்கு முன்னால் தட்டோடு அவள் நின்றதே இல்லை.

"ஆன்ட்டி, இதுல எது எனக்கு?"

நஜீமா அவளை அப்படியே தூக்கிக்கொண்டு, ஹாலுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"இது எல்லாமே உனக்குச் சமைச்சதுடா செல்லம். உன் சாப்பாட்டைத்தான் இத்தனை பேரும் சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க!"