கன்னத்துக் கோடு

நிறம் மறுபடியும் வெளியே வழிந்தது.

குழந்தையின் கன்னத்தில் ரோஜா நிறத்தை விட்டதும் திரை முழுக்கப் பரவிவிட்டது. கோட்டில் எங்கோ இடைவெளி. செல்வின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

ஒரு இடைவெளி அல்ல. கன்னம் நெடுகவே கோடு விட்டுவிட்டு, நெளிந்து நெளிந்து போயிருந்தது.

திரும்பிப் பார்த்தான். அடுத்த அறையில் பியூலா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

மனைவி பென்சிலால் வரைவாள். அவன் அதை ஸ்கேன் செய்து கணினியில் நிறம் கொடுப்பான். வட்டமாக வெட்டி மெஷினில் வைத்து அழுத்தினால், சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜ். பாளையங்கோட்டையில் அவள் வரையும் முகங்களுக்காகவே தேடி வருகிறவர்கள் இருந்தார்கள்.

போன வருஷம் அவளுடைய வலது கை நடுங்கத் தொடங்கியது. மாத்திரையில் கொஞ்சம் அடங்கும், நிற்காது என்றார் டாக்டர்.

முதலில் அவன் இடைவெளிகளை மட்டும் அடைத்தான். பிறகு நெளிவுகளை நிமிர்த்தினான். இப்போதெல்லாம் அவள் கோட்டின் மேலேயே புதிதாக ஒரு கோடு போட்டு, அடியில் இருப்பதை அழித்துவிடுகிறான்.

அவளிடம் சொல்லவில்லை.

பேட்ஜைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அவள் முகம் தெளியும்.

"நடுக்கமே தெரியலையே."

"சின்னதாக்கும்போது அதெல்லாம் மறைஞ்சிரும்."

அவள் நம்பினாள். அடுத்ததை வரைந்தாள்.

பேட்ஜ்களை வாங்கக் குழந்தையின் அம்மா ஷீபா வந்தாள். பேட்ஜில் மகள் முகத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள்.

"அக்கா, பென்சில்ல வரைஞ்சதையும் தாங்களேன். பிரேம் போட்டு மாட்டணும்."

செல்வின் எழுவதற்குள் பியூலா காகிதத்தை எடுத்து நீட்டிவிட்டாள்.

ஷீபா காகிதத்தைப் பார்த்தாள். பேட்ஜைப் பார்த்தாள்.

"இது வேற யாரோ வரைஞ்சதாக்கா?"

பியூலா இரண்டையும் வாங்கி அருகருகே வைத்தாள். வெகுநேரம் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையிருக்கவில்லை.

"ஆமாம்மா. பேட்ஜ்ல இருக்கது இவங்க போட்டது."

ஷீபா நன்றி சொன்னாள். போகும்போது காகிதத்தை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

அன்று பியூலா வழக்கம்போலச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள்.

மறுநாள் ஓய்வுபெறும் வாத்தியார் ஒருவருடைய போட்டோ வந்தது. அதையும் வெள்ளைக் காகிதத்தையும் பென்சிலையும் அவன் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"நீங்களே போடுங்க. நல்லாத்தான வருது."

குரலில் கோபம் இல்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

வரைந்து பார்த்தான். ஒரு கண் மேலே போனது, ஒரு கண் கீழே. கசக்கிப் போட்டான். இன்னொன்று எடுத்தான். அடியில் அவள் கோடு இல்லாமல் ஒரு தாடையைக்கூட அவனால் கொண்டுவர முடியவில்லை.

காகிதத்தோடு அடுப்படிக்குப் போனான்.

"எனக்கு வரைய வராது, பியூலா. நீ போட்டதுக்கு மேலதான் போட்டேன்."

அவள் அவன் வரைந்ததைப் பார்த்தாள். சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை.

அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து பென்சிலை எடுத்தாள்.

காகிதம் நகராமல் அவன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான்.

ஒரு காது வர வெகுநேரமானது. இன்னொரு காதில் பென்சில் முனை ஒடிந்தது. அவன் சீவிக் கொடுத்தான்.

பாதி முகத்தில் நிறுத்திவிட்டு, அவள் வலது கையை இடது கையால் பொத்திக்கொண்டாள்.

"இதுவும் முடியாமப் போயிட்டா?"



காகிதத்தை அவள் பக்கம் கொஞ்சம் நகர்த்தினான்.

"மூக்கு இன்னும் போடல," என்றான்.